ஹேமார்க்கெட்: ஓர் இரவின் மூன்று சின்னங்கள்

மே தினத்தின் வேரைத் தேடிச் சிகாகோவுக்குச் செல்பவருக்கு, ஹேமார்க்கெட் சதுக்கத்தை ஒட்டிய டெஸ்பிளெய்ன்ஸ் வீதியில் முதலில் காத்திருப்பது ஏமாற்றமே. எட்டு மணி நேர வேலைக்கான கிளர்ச்சி நகரையே உலுக்கிக்கொண்டிருந்தபோது, மெக்கார்மிக் ஆலை வாசலில் போலீசார் தொழிலாளர்களைச் சுட்டுக் கொன்றதைக் கண்டித்து, 1886 மே 4 இரவு கூட்டம் நடந்த இடம் இது. கூட்டத்தைக் கலைக்கப் போலீஸ் படை நெருங்கியபோது வெடிகுண்டு ஒன்று போலீசார்மீது வந்து விழுந்தது. வீசியவர் யாரென்று இன்றுவரை தெரியாது; ஆனாலும் அதற்காக எண்மர் தண்டிக்கப்பட்டனர்.

அன்று பேச்சாளர்களுக்கு மேடையாக நின்றது ஒரு சரக்கு வண்டி. அதையே கருவாகக் கொண்டு மேரி பிராகர் வடித்த சிற்பம் 2004-இல் இங்கு வைக்கப்பட்டது. செந்நிற உருவங்களுக்கு முகமில்லை. வண்டியைக் கட்டுகிறார்களா, பிரிக்கிறார்களா என்பதும் விளங்கவில்லை. எவரையும் புண்படுத்தக் கூடாதென்ற எச்சரிக்கை அதில் சற்றுக் கூடுதலாகவே தெரிகிறது. பல நாட்டுத் தொழிற்சங்கங்கள் பீடத்தில் பதித்திருக்கும் தகடுகளே அதற்கு உயிரூட்டுகின்றன.

அந்த இரவுக்கு முதலில் எழுந்த சின்னமோ போலீசாருக்கானது. கையை உயர்த்தி நிற்கும் அந்தப் போலீஸ்காரர் சிலை 1889-இல் திறக்கப்பட்டது. 1927-இல் டிராம் மோதிச் சாய்ந்தது. 1969-இலும் 1970-இலும் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. பல இடங்கள் மாறி, இப்போது போலீஸ் தலைமையகத்தின் பாதுகாப்பில் நிற்கிறது.

மனம் நிறைவது ஃபாரஸ்ட் ஹோம் கல்லறைத் தோட்டத்தில்தான். நீல வழித்தட ரயிலின் கடைசி நிலையமான ஃபாரஸ்ட் பார்க்கில் இறங்கினால் நடந்தே போய்விடலாம். முக்காடிட்ட வெண்கலப் பெண்ணொருத்தி, வீழ்ந்து கிடக்கும் தொழிலாளியின் தலையில் ஒரு கையால் மலர்வளையம் சூட்டியபடி, நிமிர்ந்து முன்னே அடியெடுத்து வைக்கிறாள். குண்டு வீசியதற்குச் சான்றே இல்லாமல் 1887 நவம்பர் 11 அன்று தூக்கிலிடப்பட்ட நால்வரில் ஒருவரான ஆகஸ்ட் ஸ்பீஸின் கடைசிச் சொற்கள் பீடத்தில் இருக்கின்றன: இன்று நீங்கள் நெரிக்கும் குரல்களைவிட எங்கள் மௌனம் வலிமை பெறும் நாள் வரும்.

1893 ஜூன் 25 அன்று இந்தச் சின்னம் திறக்கப்பட்டது. மறுநாளே இல்லினாய் மாநில ஆளுநர் ஆல்ட்கெல்ட், சிறையில் எஞ்சியிருந்த மூவருக்கும் மன்னிப்பு வழங்கி, வழக்கு நியாயமாக நடக்கவில்லை என்று எழுத்திலும் பதிவு செய்தார். அந்த வாசகத்தின் ஒரு பகுதி சின்னத்தின் பின்புறத் தகட்டில் உள்ளது. தொழிலாளர் போராளி லூசி பார்சன்ஸும் அரசின்மைவாதி எம்மா கோல்ட்மனும் அருகிலேயே அடக்கம் செய்யப்பட்டுள்ளனர். தண்டிக்கப்பட்ட எண்மரில் இங்கு இல்லாதவர் சாமுவேல் ஃபீல்டன் மட்டுமே; விடுதலையான பிறகு கொலராடோவில் குடியேறிய அவரது கல்லறை அங்கேயே இருக்கிறது.