அட்டையின் பின்புறத்தில் அச்சிட்ட விலை

அப்பாவைக் கும்பகோணத்திலிருந்து தில்லிக்கு அழைத்து வந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. ஊரில் இருந்தவரை சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்குமான மாத்திரைகளை அரசு மருத்துவமனையில் மாதந்தோறும் வாங்கிக்கொள்வார். 1994இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் ஒப்பந்தப்புள்ளி மூலம் மொத்தமாக வாங்கி மருத்துவமனைகளுக்கு அனுப்பும் மாத்திரைகள் அவை; நோயாளியிடம் யாரும் விலை பேசுவதில்லை. மயூர் விஹாரில் முதல் மாதம் கடைக்காரர் நீட்டிய 4,300 ரூபாய் பில்லைப் பார்த்துவிட்டு, "ஏம்மா, இது ஒரு வருஷத்துக்கா?" என்று கேட்டார்.

கணக்குத் தணிக்கை என் தொழில். பில்லில் என்னை உறுத்தியது தொகையை விட, நான் கேட்காமலே அந்தக் கடைக்காரர் கழித்துக்கொடுத்த 15 சதவீதத் தள்ளுபடிதான். மளிகைக் கடையில் பத்து ரூபாய் குறைக்க மன்றாட வேண்டியிருக்கும் ஊரில், மருந்துக் கடைக்காரர் மட்டும் தாமாகவே குறைக்கிறார் என்றால், குறைப்பதற்கென்றே ஏற்றி வைத்த விலையாகத்தான் அது இருக்க வேண்டும். தில்லியில் இருபது ஆண்டுகள் மெடிக்கல் ரெப்பாக அலைந்து ஓய்வு பெற்ற என் அத்தான் இதைக் கேட்டுச் சிரித்தார். அடுத்த சனிக்கிழமை சாந்தினி சௌக்கில் இருக்கும் பகீரத் பேலஸ் மொத்த மருந்துச் சந்தைக்கு என்னை அழைத்துக்கொண்டு போனார்.

மூட்டை சுமப்பவர்களுக்கும் கைவண்டிகளுக்கும் நடுவே நின்றபடி, வயிற்று எரிச்சலுக்கான மாத்திரை அட்டை ஒன்றை என் கையில் கொடுத்தார். "110 ரூபான்னு போட்டிருக்கு, பாத்தியா? கடைக்காரனுக்கு இது 18 ரூபாய்க்குக் கிடைக்கும். பாக்கி யாருக்குப் போகுதுன்னு நீயே கணக்குப் போடு, ஆடிட்டர்தானே!"

ஜெனரிக் என்ற பெயரில் கடைகள் வழியாகவே விற்கப்படும் இந்த வகை மருந்துக்கு விளம்பரமும் இல்லை, அதற்காக மருத்துவரைச் சென்று பார்க்கும் ரெப்பும் இல்லை. அதன் ஒரே விற்பனை உத்தி, அட்டையில் அச்சிட்ட விலைக்கும் கடைக்காரர் கொடுக்கும் விலைக்கும் இடையே உள்ள தூரம்தான். சட்டை வாங்கும்போது பிடித்ததை நானே எடுத்து நானே பணம் கொடுக்கிறேன். ஆகவே இரண்டு கடைக்காரர்கள் போட்டியிட்டால் எனக்கு விலை குறையும். மருந்தைத் தேர்ந்தெடுப்பவர் மருத்துவரோ கடைக்காரரோ மருத்துவமனையோதான், பணம் கொடுப்பவர் மட்டுமே நோயாளி என்பதால், நிறுவனங்களின் போட்டி தேர்ந்தெடுப்பவரைத் திருப்திப்படுத்தும் போட்டியாகிவிடுகிறது. அச்சிட்ட விலை உயர உயர அவருக்கு மிஞ்சுவது கூடுகிறது. அதனால் விலை கூடிய சரக்கே எளிதில் நகர்கிறது. ஆராய்ச்சிச் செலவு என்ற வாதத்துக்கு இங்கே இடமே இல்லை, ஏனென்றால் இவை காப்புரிமை என்றோ முடிந்துபோன பழைய மருந்துகள்.

இதே ஏற்பாடு மருத்துவமனைக்குள் இன்னும் வெளிப்படையாக நடக்கிறது. தில்லியிலும் அதைச் சுற்றியுள்ள பகுதியிலும் இயங்கும் நான்கு தனியார் மருத்துவமனைகளின் பில்களை ஆராய்ந்த தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம், 2018 பிப்ரவரியில் தன் கண்டுபிடிப்புகளை வெளியிட்டது. நரம்பில் மருந்து ஏற்றும் குழாயில் பொருத்தும் சிறிய திருகு வால்வு ஒன்றை 5 ரூபாய் 77 காசுக்கு வாங்கி 106 ரூபாய்க்கு விற்றிருக்கிறார்கள். லாபம் 1,737 சதவீதம். மருத்துவமனைகள் மொத்தமாக வாங்குவதால் அவற்றுக்கு ஏற்றபடி அதிக விலையை அச்சிட்டுத் தரும் நெருக்கடி தயாரிப்பாளர்களுக்கு ஏற்படுகிறது என்றும் அந்த ஆணையம் குறிப்பிட்டது. சென்ற குளிர்காலத்தில் நிமோனியாவுக்காக அப்பாவை ஒரு தனியார் மருத்துவமனையில் ஆறு நாள் சேர்த்திருந்தபோது, பதினோரு பக்க பில்லை வரி வரியாகச் சரிபார்த்தேன். மருந்துகளை உள்ளே இருக்கும் கடையில்தான் வாங்க வேண்டும் என்றார்கள். எந்தப் பொருளும் அச்சிட்ட விலைக்கு மேல் ஒரு காசு கூட விற்கப்படவில்லை. தணிக்கைக் குறிப்பு எழுத எனக்கு ஒரு வரியும் கிடைக்கவில்லை என்பதுதான் எரிச்சலாக இருந்தது.

அச்சிடும் விலைக்கு எல்லை வகுக்கும் அந்த ஆணையத்தின் அலுவலகம் ஜெய்சிங் சாலையில், கன்னாட் பிளேசிலிருந்து நடந்தே போகும் தூரத்தில் இருக்கிறது. 1997இல் உருவான இந்த ஆணையம் சுகாதார அமைச்சகத்தின் கீழ் இல்லை. ரசாயனம் மற்றும் உரத்துறை அமைச்சகத்தின் கீழ் இருக்கிறது. மருந்துத் தொழிலை வளர்க்கும் கடமையும் மருந்தின் விலையை அடக்கும் கடமையும் ஒரே அமைச்சகத்தில் இருந்தால் எது முந்தும் என்பதை ஊகிக்கப் பெரிய அறிவு தேவையில்லை.

1995ஆம் ஆண்டின் மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணை, மூலப்பொருள், தயாரிப்பு, பொதி கட்டுதல் ஆகியவற்றின் செலவைக் கூட்டி, அதற்கு மேல் 100 சதவீதம் வரை விற்பனைச் செலவுக்கும் லாபத்துக்கும் இடம் கொடுத்தது. 2013ஆம் ஆண்டின் ஆணை செலவைக் கேட்பதையே விட்டுவிட்டது. ஒரு மருந்தின் சந்தையில் 1 சதவீதமாவது பங்கு வைத்திருக்கும் பிராண்டுகள் கடைக்காரருக்குக் கொடுக்கும் விலைகளின் சராசரியை எடுத்து, அதனுடன் கடைக்காரருக்கான 16 சதவீதத்தைச் சேர்த்தால் அதுவே உச்சவரம்பு. மூன்று பிராண்டுகள் 10, 20, 60 ரூபாய்க்கு விற்பதாக வைத்துக்கொள்வோம். சராசரி 30, உச்சவரம்பு 34 ரூபாய் 80 காசு. அறுபது ரூபாய்க்காரர் இறங்கித்தான் ஆக வேண்டும், அந்த அளவில் இது நல்ல காரியமே. ஆனால் அந்த மாத்திரையைத் தயாரிக்க மூன்று ரூபாய்தான் ஆகிறதா என்ற கேள்வி இந்தக் கணக்கில் எந்த இடத்திலும் எழுவதில்லை. சந்தை ஏற்கெனவே ஏற்றி வைத்த விலையைக் கொண்டே சந்தையை அளக்கிறார்கள்.

இதுவும் அத்தியாவசிய மருந்துகளின் தேசியப் பட்டியலில் உள்ளவற்றுக்குத்தான்; 2022ஆம் ஆண்டுப் பட்டியலில் 384 மருந்துகள் இருக்கின்றன. சந்தையின் பெரும்பகுதி பட்டியலுக்கு வெளியே இருக்கிறது. அங்கே தொடக்க விலைக்கு வரம்பில்லை. ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏற்றக்கூடாது என்பது மட்டுமே நிபந்தனை. ஆண்டுதோறும் அந்த 10 சதவீதத்தை முழுதாக எடுத்துக்கொண்டால் எட்டு ஆண்டுகளுக்குள் விலை இரட்டிப்பாகிவிடும். பட்டியலில் உள்ள மருந்துகளின் விலை, மொத்த வியாபார விலைகளின் ஏற்ற இறக்கத்தைக் காட்டும் மொத்த விலைக் குறியீட்டோடு இணைக்கப்பட்டிருப்பதால், 2022இல் 10.77 சதவீதமும் 2023இல் 12.12 சதவீதமும் ஏற்ற அனுமதி கிடைத்தது. கட்டுப்பாட்டில் உள்ள மருந்து, கட்டுப்பாட்டில் இல்லாத மருந்தை விட வேகமாக ஏறலாம் என்ற விசித்திரத்தை அந்த இரண்டு ஆண்டுகளிலும் பார்த்தோம்.

தயாரிப்பாளர் தரப்பில் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். இறக்குமதியாகும் மூலப்பொருள்களின் பெரும்பகுதி சீனாவிலிருந்து வருகிறது, அங்கே விலை ஏறினால் இங்கே தாங்கவேண்டியிருக்கிறது. பென்சைல்பெனிசிலின், அட்ரோபின், சால்பியூட்டமால் உள்ளிட்ட எட்டுப் பழைய மருந்துகளைத் தயாரிப்பது கட்டுப்படியாகவில்லை என்று நிறுவனங்கள் ஒதுங்கத் தொடங்கியதால், 2024 அக்டோபரில் அவற்றின் உச்சவரம்பை ஆணையமே 50 சதவீதம் உயர்த்த வேண்டியிருந்தது. செலவைக் கேட்காத கணக்கு இரண்டு பக்கமும் தவறும் என்பதற்கு அதையே சான்றாக எடுத்துக்கொள்கிறேன்.

புதிய மருந்துகளின் கதை வேறு. அங்கே காப்புரிமையே விலை. 1970ஆம் ஆண்டின் சட்டம் தயாரிப்பு முறைக்கு மட்டும் காப்புரிமை கொடுத்தது. 2005 ஜனவரி முதல் மருந்துக்கே கொடுக்க வேண்டியதாயிற்று. சர்க்கரைக்காக அப்பா சாப்பிடும் எம்பாகிளிஃப்ளோசின் ஒரு மாத்திரை ஏறக்குறைய 60 ரூபாயாக இருந்தது. 2025 மார்ச்சில் காப்புரிமை முடிந்ததும், பத்து ரூபாய்க்கும் குறைவான மாத்திரைகள் அதே மாதம் கடைக்கு வந்துவிட்டன. காப்புரிமை நடப்பில் இருக்கும்போதே பிறருக்குக் கட்டாய உரிமம் வழங்கச் சட்டத்தில் வழி உண்டு. 2012இல் நெக்ஸாவர் என்ற புற்றுநோய் மருந்துக்கு அப்படி வழங்கியபோது, மாதச் செலவு சுமார் 2,80,000 ரூபாயிலிருந்து 8,880 ரூபாயாக இறங்கியது. அதற்குப் பிறகு அந்த வழியில் வேறொரு மருந்துக்கு உரிமம் வழங்கப்படவில்லை.

மருத்துவர்களையும் விட்டுவிட முடியாது. நிறுவனங்கள் மருத்துவர்களுக்குக் கொடுக்கும் பரிசுகளைத் தொழில் செலவாகக் காட்டி வரி விலக்குப் பெற முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2022 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. பிராண்டுக்குப் பதிலாக, உள்ளே இருக்கும் மருந்துப் பொருளின் பொதுப்பெயரையே எழுத வேண்டும் என்று 2023 ஆகஸ்டில் தேசிய மருத்துவ ஆணையம் கொண்டுவந்த விதி, எதிர்ப்பு எழுந்ததும் அதே மாதத்தில் நிறுத்தி வைக்கப்பட்டது. தரம் தெரியாத மருந்தை எப்படி எழுதுவது என்று மருத்துவர்கள் கேட்பது பொய்யான பயம் அல்ல. ஆனால் 2025இல் மத்தியப் பிரதேசத்தில் குழந்தைகளின் உயிரைப் பறித்த, காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான இருமல் மருந்தும் பிராண்டுப் பெயரோடு விற்கப்பட்டதுதான். சீட்டில் உள்ள பிராண்டை மாற்றிக் கொடுக்க, மருத்துவரின் சீட்டு இருந்தால் மட்டுமே விற்க வேண்டிய 'அட்டவணை எச்' மருந்துகளைப் பொறுத்தவரை, கடைக்காரருக்குச் சட்டம் அனுமதி தருவதில்லை. ஆகவே எழுதுபவரின் பேனா நகரும் இடத்திலேயே என் செலவு முடிவாகிவிடுகிறது.

யார் பொறுப்பு என்று அத்தான் என்னிடம் கேட்டபோது, கடைக்காரரை நான் கடைசியில்தான் வைத்தேன். அவர் தமக்குத் திறந்துவிட்ட கதவு வழியாக நடக்கிறார். முதலிடம் 2013ஆம் ஆண்டின் ஆணையை எழுதியவர்களுக்கும், அதைத் திருத்தாமல் விட்ட அடுத்தடுத்த அரசுகளுக்கும்தான். முடியாத காரியம் என்று சொல்லித் தப்பிக்கவும் அவர்களுக்கு வழியில்லை: 2017இல் மருந்து பூசிய இதய ஸ்டென்டுக்கு 29,600 ரூபாய் என்று வரம்பு வைத்ததும், 2019இல் 42 புற்றுநோய் மருந்துகளின் விற்பனை லாபத்தை 30 சதவீதத்துக்குள் அடக்கியதும் இதே விலை நிர்ணய ஆணையம்தான். அந்த 30 சதவீத விதியை எல்லா மருந்துக்கும் விரித்திருந்தால் அத்தான் காட்டிய 110 ரூபாய் அட்டை இருந்திருக்காது. 2025 செப்டம்பரில் பெரும்பாலான மருந்துகளுக்கு ஜிஎஸ்டியை 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைத்ததைச் சாதனையாகப் பேசினார்கள். 18 ரூபாய்ச் சரக்கில் 110 ரூபாய் அச்சிட்டிருக்கும்போது ஏழு சதவீதம் எந்த மூலைக்குக் காணும்?

சென்ற மாதம் அப்பாவின் மருத்துவரிடம், பிராண்டுக்குக் கீழே பொதுப்பெயரையும் எழுதித் தர முடியுமா என்று கேட்டேன். முகம் சுளித்தாலும் எழுதிக்கொடுத்தார். அந்தச் சீட்டோடு, பொதுப்பெயர் மருந்துகளை மலிவாக விற்கும் மத்திய அரசுத் திட்டத்தின் மக்கள் மருந்தகத்துக்குப் போனதில் ஐந்து மாத்திரைகளில் நான்கு கிடைத்தன, பில் 640 ரூபாய். ஐந்தாவது மாத்திரை இருப்பில் இல்லை, அடுத்த வாரம் வாருங்கள் என்றார்கள். அடுத்த வாரமும் இல்லை. அதை மட்டும் பழைய கடையிலேயே வாங்கினேன், 15 சதவீதத் தள்ளுபடியோடு.