கவுண்டருக்கு இந்தப் பக்கம்

சான் ஹோசே நகரின் ஃபர்ஸ்ட் ஸ்ட்ரீட்டில் இரண்டு நீதிமன்றங்கள் உண்டு. தெருவின் வடபகுதியில் இருப்பது சாண்டா கிளாரா கவுண்டிக்குரிய (கவுண்டி என்பது மாநிலத்தின் உட்பிரிவு) மாநில நீதிமன்றம்; தென்பகுதியில், 280ஆம் எண் கட்டடத்தில் இயங்குவது வட கலிபோர்னியாவுக்கான அமெரிக்கக் கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றத்தின் ஒரு பிரிவு. அங்கே எழுத்தர் அலுவலகக் கவுண்டரில் நான் பணியாற்றிய காலத்தில், விவாகரத்து மனுவோடும் போக்குவரத்து அபராதச் சீட்டோடும் தவறி வந்தவர்களை வடக்கே திருப்பி அனுப்பாத நாள் அரிது. 'மாவட்டம்' என்ற சொல் நம் காதில் சிறிதாகத்தான் விழும். இங்கே அது 15 கவுண்டிகளைக் குறிக்கும்.

வழக்கெண்ணின் முதல் இலக்கத்தைக் கொண்டே இடத்தைச் சொல்லிவிடலாம்: 3 என்றால் சான் பிரான்சிஸ்கோ, 4 ஓக்லாந்து, 5 நாங்கள். எந்த நீதிபதி என்பதைக் கணினி குலுக்கிப் போட்டு முடிவு செய்யும்; வழக்கறிஞர் விரும்பினாலும் நீதிபதி விரும்பினாலும் அதில் கை வைக்க முடியாது.

குலுக்கலில் மாஜிஸ்திரேட் நீதிபதி ஒருவர் வந்தால், வழக்கறிஞர் இன்றித் தாமே வழக்கு நடத்துபவர்களுக்குக் குழப்பம் தொடங்கும். நம் ஊர் மாஜிஸ்திரேட் அல்லர் இவர். குடியரசுத் தலைவர் முன்மொழிந்து செனட் உறுதிசெய்யும் மாவட்ட நீதிபதிகள் ஆயுட்காலப் பதவியினர். அவர்கள் கூடி 8 ஆண்டுகளுக்கு நியமிப்பவரே மாஜிஸ்திரேட் நீதிபதி. இரு தரப்பும் இசைந்தால் உரிமையியல் வழக்கை ஜூரி விசாரணை உட்பட முழுமையாக அவரே நடத்தலாம். அந்த இசைவுப் படிவத்தை நீட்டியதும், "எந்தக் கட்டத்தில் டிக் செய்வது?" என்ற கேள்வி வரும். படிவம் என்ன கேட்கிறது என்று விளக்க எனக்கு அனுமதி உண்டு. எதைத் தேர்வது என்று சொன்னால் அது சட்ட ஆலோசனையாகிவிடும்.

ஒரு மாலை, மூடும் நேரத்துக்குச் சற்று முன், வேலையிடப் பாகுபாடு குறித்த புகாரோடு ஒரு மூதாட்டி வந்தார். இத்தகைய புகார்களை முதலில் விசாரிக்கும் கூட்டாட்சி ஆணையம், இனி வழக்குத் தொடுக்கலாம் என்று கொடுத்த கடிதம் கைக்கு வந்த 90 நாட்களுக்குள் வழக்குத் தொடுக்க வேண்டும். "இன்று 90ஆவது நாளா, பார்த்துச் சொல்லுங்கள்" என்றார். மேசையில் நாட்காட்டி இருந்தது; ஆனால் கெடுவைக் கணக்கிட்டுச் சொல்வது எழுத்தரின் வேலையன்று. என் கணக்கை நம்பி அவர் ஒரு நாள் பொறுத்து, அது பிழையாகிவிட்டால், அந்த இழப்பு முழுவதும் அவருடையதாகவே இருக்கும். இந்த விதி சரியானது என்றே இன்றும் கருதுகிறேன். அன்று அதைச் சொல்ல வாய் வரவில்லை என்பதும் உண்மை.

மறுபக்கத்தில், வடிவம் சரியில்லை என்ற ஒரே காரணத்துக்காக எழுத்தர் எந்த ஆவணத்தையும் ஏற்க மறுக்கக் கூடாது என்று உரிமையியல் நடைமுறை விதி 5 சொல்கிறது. ஓரங்களில் கிறுக்கல், எண்ணிடாத பக்கங்கள் என்றிருந்த அவருடைய தாள்களை வாங்கிக்கொண்டேன். கட்டணமான 405 டாலர் அவரிடம் இல்லாததால் விலக்குக் கோரும் விண்ணப்பத்தைக் கொடுத்தேன். அதன்மேல் முடிவெடுப்பது நீதிபதி. அதே கட்டடத்திலுள்ள இலவச சட்ட உதவி மையத்தின் அறை எண்ணை எழுதித் தந்துவிட்டு, அன்றைய தேதி முத்திரையை முதல் பக்கத்தில் அழுத்தமாகக் குத்தினேன்.