மாட்ரிட் டூ லிஸ்பன்: டிக்கெட்ல 20 நிமிஷம், நெஜத்துல அஞ்சரை மணி நேரம்

ஆபீஸ் வேலையா மாட்ரிட் போயிருந்தப்ப நடுவுல ஒரு வீக்கெண்ட் சும்மா கெடைச்சுது, லிஸ்பன் பக்கம் தானேன்னு நானும் டீம்ல இருக்குற ஒரு அண்ணனும் கெளம்பிட்டோம். பக்கம்னா மேப்ல பக்கம். நேர்கோடா பாத்தா 500 கிலோமீட்டர் சொச்சம், ரோட்ல போனா 625 கிட்ட வருது.

ஐரோப்பால ரயிலுக்கா பஞ்சம்னு மொதல்ல ரயில் தான் தேடுனேன். மாட்ரிட் ஸ்பெயினுக்கு, லிஸ்பன் போர்ச்சுகலுக்குன்னு ரெண்டும் தலைநகரம், ஆனா நடுவுல நேரடி ரயிலே இல்லைங்க! லூசிட்டானியான்னு ஒரு ராத்திரி ரயில் ஓடிட்டு இருந்திருக்கு, 2020 மார்ச்ல கொரோனாக்கு நிறுத்துனாங்க, அதோட சரி. இப்ப படாஹோஸ் போய் அங்க மாறி, பார்டர் தாண்டி இன்னொரு தடவ மாறின்னு ஒரு பகல் முழுக்க போயிடும். பஸ்ஸும் எட்டு மணி நேரம் பக்கம் ஆகும். சரி ஃபிளைட்டே போட்டுடலாம்னு பாத்தா மதியம் 3:05க்கு கெளம்பி 3:25க்கு எறங்குதுன்னு இருக்கு. "என்ன தம்பி, ராக்கெட் ஏதும் புக் பண்ணிட்டியா"ன்னாரு அண்ணன்.

விஷயம் என்னன்னா போர்ச்சுகல் ஸ்பெயின விட ஒரு மணி நேரம் பின்னாடி. நியாயமா பாத்தா ஸ்பெயினும் லண்டன் டைம்ல தான் இருக்கணும், 1940ல சர்வாதிகாரி ஃபிராங்கோ ஆட்சில ஜெர்மனி டைமுக்கு மாத்துனது இன்னிக்கு வரைக்கும் அப்படியே ஓடுது. ஆக மொத்தம் பயணம் 1 மணி 20 நிமிஷம், அதுலயும் ஒரு பங்கு ரன்வேக்கு ஊர்ந்து போறதுலயே கழியுது.

பன்னெண்டு மணிக்கே ரூம விட்டு கெளம்பிட்டோம். மெட்ரோ எட்டாம் லைன், ஏர்போர்ட்டுக்குன்னு டிக்கெட்டுக்கு மேல தனியா 3 யூரோ வேற. ஏர்போர்ட்னு போர்டு பாத்ததும் நான் பாட்டுக்கு எறங்கிட்டேன், அது டெர்மினல் 1, 2, 3க்கான ஸ்டேஷன், எங்க ஃபிளைட்டு 4ல. அப்புறம் ஃப்ரீ ஷட்டில் பஸ்ஸ புடிச்சு, செக்யூரிட்டி லைன்ல நின்னு, கேட்டுக்கு போறப்ப போர்டிங்கே ஆரம்பிச்சாச்சு. நல்லவேளை ரெண்டு நாடும் ஷெங்கன்ங்கற ஒரே விசா கூட்டத்துல இருக்கு, இமிக்ரேஷன் கெடையாது. ஆனா பாஸ்போர்ட் கண்டிப்பா கையில இருக்கணும், கேட்ல பாத்துட்டு தான் உள்ள விட்டாங்க.

எறங்குறதுக்கு முன்னாடி கீழ தேஜோ ஆறு, கடல் மாதிரி அகலமா. ஸ்பெயின்ல தோலேதோவ சுத்தி தாஹோன்னு ஓடுற அதே ஆறு தான். லிஸ்பன் ஏர்போர்ட் ஊருக்குள்ளயே இருக்கு, செவப்பு லைன்ல ஏறி அலமெதால மாறி ரூமுக்கு போறப்ப அங்க மணி 4:30, மாட்ரிட் கணக்குல 5:30.

இதெல்லாம் தெரிஞ்சும் திரும்பி வர்றப்ப நான் பண்ணது தான் கூத்து. திங்கள் காலைல 8:10 ஃபிளைட், 1:20 கூட்டி 9:30க்கு எறங்கிடுவேன், 11 மணி மீட்டிங்குக்கு தாராளமா வந்துடுவேன்னு மேனேஜர்ட்ட அடிச்சு விட்டுட்டேன். டிக்கெட்ல 10:30ன்னு தெளிவா போட்டிருந்துச்சு, யாரு பாத்தா. அண்ணன் லிஸ்பன்ல ரெண்டு நாளும் வாட்ச்ச மாத்தவே இல்ல, சோம்பேறின்னு நான் ஓட்டிட்டே இருந்தேன். மாட்ரிட்ல சக்கரம் தரைல பட்டதும் என் வாட்ச்ல 9:25, கரெக்டா வந்துட்டோம்ணேன்னு பெருமையா காட்டுனேன். அவரு ஒண்ணும் பேசல, சட்டைய மடிச்சு விட்டுட்டு அவரு கைய என் மூஞ்சிக்கு நேரா நீட்டுனாரு. 10:25.