கோவையில் ஒரு சேலத்துச் செட்டு

மார்ச் 8, 2025, சனி

அம்மா வீட்டுக்கு வந்தாயிற்று. சேலம் வந்தால் முதல் சாயங்காலம் தட்டுவடை செட்டுக்குத்தான். அதில் மாற்றமில்லை.

தெரியாதவர்களுக்காக: தட்டுவடை செட்டு என்பது ரொட்டி இல்லாத சாண்ட்விச். உள்ளங்கைக்குள் அடங்குகிற இரண்டு தட்டுவடை, நடுவில் பச்சைச் சட்னி, சிவப்புச் சட்னி, துருவிய பீட்ரூட், கேரட், பொடியாக நறுக்கிய வெங்காயம், கொஞ்சம் மல்லித்தழை. அவ்வளவுதான். சேலத்தில் தள்ளுவண்டி நிற்கிற எந்தத் தெருவிலும் கிடைக்கும். வடைக்குப் பதில் முறுக்கு வைத்தால் முறுக்கு செட்டு. எல்லாவற்றையும் நொறுக்கிப் பொரியோடு கலந்தால் நொறுக்கல். அதில் அவித்த முட்டை சேர்ந்தால் முட்டை நொறுக்கல்.

இன்றைக்கு அம்மாபேட்டையில் ஒரு வண்டியின் பக்கத்திலேயே நின்று அண்ணனின் கையைக் கவனித்தேன். அகலமான தட்டில் அடிவடைகளைச் சீட்டுப் போடுகிற மாதிரி விறுவிறுவென்று பரப்பினார். பச்சைச் சட்னிக் கரண்டி ஒரே ஓட்டத்தில் எல்லா வடையையும் தொட்டுக்கொண்டு போனது. பின்னாலேயே சிவப்பு. காய்த்துருவலை மூன்று விரலால் அள்ளி வைத்தார், மேலே வெங்காயம். கடைசியாக மேல்வடையை வைத்துக் கட்டைவிரலால் ஒரு அழுத்து. அந்த அழுத்தில்தான் விஷயம் இருக்கிறது. சட்னி இரண்டு வடையையும் பிடித்துக்கொள்கிறது, துருவல் வெளியே சிதறுவதில்லை, வடையும் உடைவதில்லை.

"காரம் தூக்கலாப் போடட்டுங்களா?"

"போடுங்கண்ணா."

ஒரு செட்டை முழுசாக வாயில் போட வேண்டும். பாதி கடித்து மீதியைக் கையில் வைத்துக்கொள்கிற தின்பண்டம் இல்லை இது. முதலில் வடை நொறுங்குகிறது, அப்புறம் பீட்ரூட்டின் இனிப்பு, கடைசியில் பச்சை மிளகாய். பக்கத்தில் தறியை விட்டு வந்தவர்கள் இரண்டு பேர் நின்றபடியே ஆளுக்கொரு தட்டு முடித்து, கையைத் துடைத்துக்கொண்டு திரும்பிப் போனார்கள். நெசவு செய்கிற ஊருக்கு இதைவிடப் பொருத்தமான சாயங்காலத் தீனி எனக்குத் தோன்றவில்லை. வயிறு கனக்காது, நேரம் ஆகாது, நாக்கும் விழித்துக்கொள்ளும்.

மார்ச் 9, ஞாயிறு

காலையில் அம்மாவை உட்கார வைத்து வடைக்கு அளவு கேட்டு எழுதிக்கொண்டேன். கோவையில் என் அடுப்பில் இதைச் செய்தே ஆக வேண்டும். தட்டுவடைப் பாக்கெட் எல்லா ஊர்க் கடையிலும் இருக்கிறது. ஆனால் அது டீக்குக் கடித்துக்கொள்ளும் வடை. தடிமன், கடலைப்பருப்பு நிறைய. செட்டுக்கான வடை வேறு.

2 டம்ளர் இட்லி அரிசியை 3 மணி நேரம் ஊறவைத்து, காய்ந்த மிளகாய், பூண்டு, உப்பு போட்டுக் கெட்டியாக ஆட்டிக்கொள்ள வேண்டும். முக்கால் டம்ளர் பொட்டுக்கடலையைப் பொடித்துச் சலித்துச் சேர்க்க வேண்டும். எள், கறிவேப்பிலை, பெருங்காயம், காய்ச்சிய எண்ணெய் ஒரு குழிக்கரண்டி. மாவு கையில் ஒட்டக்கூடாது.

"கடலைப்பருப்பு கொஞ்சமாப் போடு. பருப்பு துருத்திக்கிட்டு நின்னா மேல்வடை எப்படி உக்காரும்?" என்றார் அம்மா. எத்தனை வருஷமாகச் சாப்பிடுகிறேன், இது எனக்குத் தோன்றியதே இல்லை. செட்டு வடை சமதளமாக இருக்க வேண்டும். எண்ணெயில் உப்பிவிடாமல் இருக்க நடுவில் முள்கரண்டியால் குத்துவதும் அதற்குத்தான்.

மார்ச் 15, சனி

கோவை. காலையிலேயே அரிசி ஊறப்போட்டுவிட்டேன். கிரைண்டர் பிறந்த ஊரில் இருந்துகொண்டு மாவுக்கு மிக்சியைத் தேடுவானேன், கிரைண்டரிலேயே ஆட்டினேன். பழைய வெள்ளை வேட்டித் துணியை விரித்து, நெல்லிக்காய் அளவு உருண்டைகளைக் கிண்ணத்தின் அடிப்பாகத்தால் அழுத்தித் தட்டினேன். துணி ஈரத்தை இழுத்துக்கொள்கிறது. ஓரமும் நடுவும் ஒரே கனமாக இருக்க வேண்டும், ஓரம் மெலிந்தால் அது முதலில் கருகும். கடலை எண்ணெய், நடுத்தரத் தீ. எண்ணெயின் சலசலப்பு முழுக்க அடங்கிய பிறகு எடுத்தால்தான் மொறுமொறுப்பு நிற்கும்.

அத்தைக்குப் பொள்ளாச்சி. இந்தச் செட்டை அவர் பார்த்ததே இல்லை. சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஏனம்மிணி, வடைய அப்படியே தின்னா ஆகாதா? உள்ளுக்குள்ள பச்சைக் காயெல்லாம் எதுக்கு?"

"ஒண்ணு சாப்பிட்டுப் பாருங்கத்தை."

சாப்பிட்டார். ஒன்றும் சொல்லவில்லை. தட்டை நீட்டினார்.

வண்டிக்காரர் யாரும் செட்டை முன்கூட்டியே அடுக்கி வைப்பதில்லை. கேட்டால்தான் வைப்பார். அதனால் நானும் மேடைக்குப் பின்னால் நின்றுகொண்டு ஆளுக்கு ஒவ்வொன்றாக வைத்துக் கொடுத்தேன். வைத்த ஒரு நிமிஷத்துக்குள் வாய்க்குப் போய்விட வேண்டும். பிறகு வடை சட்னியைக் குடித்துவிடும், துருவலில் தண்ணீர் விடும். அடுக்கி டப்பாவில் போட்டு வீட்டுக்கு அனுப்புகிற கடைகள் இப்போது வந்திருக்கின்றன. அதை என்னால் செட்டு என்று ஒத்துக்கொள்ள முடியாது. வடையைத் தனியாக, சட்னியைத் தனியாகக் கொடுத்தால் சரி.

மார்ச் 16, ஞாயிறு

மகளுக்குக் காளான்தான் வேண்டுமாம். அவள் கோவைக்காரி, அவளுடைய சொந்த ஊர் ருசி அது. பெரிய தோசைக்கல்லின் ஓரத்தில் கொதிக்கும் மசாலா, அதில் பிய்த்துப் போட்ட பக்கோடா, மேலே வெங்காயமும் மல்லியும். பெயர் காளான், உள்ளே பாதிக்கு மேல் முட்டைக்கோஸ். நன்றாகவே இருக்கிறது, சூடாக ஊதி ஊதிச் சாப்பிட்டோம்.

மார்ச் 29, சனி

ஒரு கல்யாணத்துக்காகக் கரூர். மண்டபத்துச் சாப்பாடு முடிந்த கையோடு கடைவீதியில் கரம் சாப்பிடப் போனோம். கரூரின் கரம் செட்டுக்குப் பங்காளி முறை. அதே சட்னிகள், அதே பீட்ரூட், கேரட். ஆனால் பொரி, வேர்க்கடலை, நொறுக்கிய தட்டுவடை, முறுக்கு எல்லாம் ஒரே பாத்திரத்தில் விழுந்து, கரண்டி டங் டங்கென்று அடிக்கக் கலந்து வருகிறது. முட்டை கரமும் உண்டு.

இரண்டையும் ஒப்பிடாமல் இருக்க முடியவில்லை. கரத்தில் ஒவ்வொரு வாயும் ஒவ்வொரு மாதிரி. ஒரு வாயில் கடலை, அடுத்த வாயில் வெறும் காரம். செட்டில் எல்லா வாயும் ஒரே மாதிரி, அந்த ஒழுங்குதான் எனக்குப் பிடித்தது. கணவர் கரத்தின் பக்கம் போய்விட்டார். காங்கேயம் வரைக்கும் காரில் இதே பேச்சு.

கரம் போட்டவர் சட்னியைக் கரண்டியிலிருந்து ஊற்றவில்லை, வழித்துப் போட்டார். அத்தனை கெட்டி. அதனால்தான் பொரி நமத்துப்போகாமல் கடைசி வரை நின்றது. என் பச்சைச் சட்னி அந்தப் பதத்துக்கு வர வேண்டும்.

ஏப்ரல் 6, ஞாயிறு

சட்னி வேலை மட்டும்.

பச்சை: மல்லி இரண்டு பங்கு, புதினா ஒரு பங்கு, பச்சை மிளகாய், இஞ்சி துளி, உப்பு, எலுமிச்சை. கழுவிய தழையை நன்றாக உலர்த்திவிட்டு, ஒரு கை பொட்டுக்கடலை சேர்த்துத் தண்ணீரே விடாமல் அரைத்தால் அந்தப் பதம் வருகிறது. தேங்காய் கூடாது. தேங்காய் வந்தால் அது இட்லிக்குப் போய்விடும்.

சிவப்பு: தக்காளியும் காய்ந்த மிளகாயும் வேகவைத்து, பூண்டு தாராளமாக வைத்து அரைத்து, மறுபடி அடுப்பில் வைத்துச் சுண்டவிட வேண்டும். கரண்டியைக் கவிழ்த்தால் விழக்கூடாது.

பீட்ரூட்டைத் துருவிய உடனே பிழியாமல், பத்து நிமிஷம் வடிதட்டில் விட்டாலே போதும். உப்பு போடக்கூடாது, போட்டால் தண்ணீர் விட்டுக்கொண்டே இருக்கும். கேரட்டோடு பரிமாறுகிற நேரத்தில்தான் கலக்க வேண்டும். சின்ன வெங்காயமா பெரிய வெங்காயமா என்று அம்மாவிடம் போனில் கேட்டேன். வண்டியில் பெரியது, வீட்டில் சின்னது என்றார். சின்ன வெங்காயம் போட்டதில் இன்னொரு காரம் கிடைத்தது, எனக்கு அதுவே சரி.

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரை முதல் நாள். காலையில் கனி பார்த்து, வேப்பம்பூவும் வெல்லமும் ஆனது. நேற்றுத் தம்பி சேலத்திலிருந்து ஒரு பை கிளிமூக்கு மாங்காய் கொண்டுவந்து போட்டிருக்கிறான். மாங்காய் செட்டுக்கு இதுதான் காலம். முற்றின, ஆனால் பழுக்காத காய் வேண்டும், ரொம்பப் பிஞ்சு என்றால் துவர்க்கும்.

சாயங்காலம் மாடி வீட்டுக்காரர்களையும் கூப்பிட்டேன். பாதிப் பீட்ரூட்டைக் குறைத்து அந்த இடத்தில் மாங்காய்த் துருவல், மேலே மிளகாய்த்தூள் ஒரு சிட்டிகை. பச்சைச் சட்னியில் எலுமிச்சையை விட்டுவிட்டேன், இரண்டு புளிப்பு ஒன்றோடொன்று இடிக்கும். மாடி வீட்டு அக்காவுக்குச் சேலத்தில் இருக்கிற குகைப் பகுதிதான் பிறந்த ஊராம், இத்தனை நாள் தெரியாமல் போய்விட்டது. ஆடியில் குகை மாரியம்மன் வண்டி வேடிக்கைக்குச் சாமி வேஷம் போட்டு வருகிறவர்களைப் பார்க்க நின்ற கூட்டத்தில், கையில் தட்டோடு நசுங்கிக்கொண்டு தின்றதைச் சொல்லிக்கொண்டே சாப்பிட்டார்.

அத்தை இன்றைக்கு அடுக்குகிற வேலையை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார். கட்டைவிரல் அழுத்து அவருக்கு அருமையாக வருகிறது. "அடுத்த தடவை எள்ளுச் சட்னி ஒண்ணு சேத்து வெச்சுப் பாக்கலாம் கண்ணு" என்றார். கறுப்பு எள்ளை வறுத்து, காய்ந்த மிளகாயும் பூண்டும் வைத்து, துளிப் புளியோடு கெட்டியாக அரைப்பாராம். சனிக்கிழமைக்கு அரிசி ஊறப்போட வேண்டும்.