"இன்னும் பாடுறியாம்மா?"

"நீ டிவில பாடுன புள்ளதான? இன்னும் பாடுறியாம்மா?"

கடலூர் முதுநகர் துறைமுகத்தில் சங்கரா மீனைச் சுத்தம் செய்துகொண்டிருந்த அக்கா, கத்தியைக் கீழே வைக்காமலேயே கேட்டார். முழங்கை வரை செதில் ஒட்டி மின்னியது.

"பாடுறேன் அக்கா."

"அப்புறம் ஏன் டிவில காணோம்?"

நான் மேடை ஏறிய காலத்தில் எஸ்எம்எஸ்ஸில்தான் ஓட்டு. மஞ்சக்குப்பத்தில் முன்பின் தெரியாதவர்கள்கூட ரீசார்ஜ் போட்டு எனக்கு ஓட்டுப் போட்டார்கள். அந்தக் கடனை இன்னும் நினைத்துக்கொள்கிறேன்.

2006-ல் சூப்பர் சிங்கர் வந்த பிறகு இந்தப் பக்கத்திலிருந்து எத்தனை பேர் பாட்டை நம்பிச் சென்னைக்குப் பஸ் ஏறினோம்! பட்டம் ஒருவருக்குத்தான். மற்றவர்கள் வளைகாப்பிலும் வரவேற்பிலும் கோயில் திருவிழாவிலும் பாடித்தான் பிள்ளைகளைப் படிக்க வைக்கிறார்கள். அதைத் தோல்வி என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

புகழ் சட்டென்று வடிந்தது உண்மை. அடுத்த சீசன் தொடங்கியதும் போன் அடிப்பது நின்றது. ராத்திரி ராத்திரியாக அழுதேன்.

ஆனால் குரல் எங்கேயும் போகவில்லை. அன்றைக்கு எட்டாத கீழ் சுரம் இப்போதுதான் நிதானமாக நிற்கிறது. இந்த வயதுக்குத்தான் அது வரும் போல.

மாசி மகத்துக்குத் தேவனாம்பட்டினத்தில் பாடுகிறேன். ஊர்க்காரர்கள் எல்லாரும் வாங்க.