மீன் தொட்டிக்குள் விடுமுன் செடியைச் சுத்தம் செய்தல்: செய்து பார்த்த குறிப்புகள்

கடையில் வாங்கிய அனுபியாஸ் செடியையும் வாய்க்காலில் பிடுங்கிய வேலம்பாசியையும் ஒரே வாளியில் ஊறப்போடக் கூடாது. கடைச் செடியில் பெரும்பாலும் நத்தை முட்டையும் பாசியும்தான் வரும். வாய்க்கால் செடியில் கூடவே அட்டையும் தட்டான் பூச்சியின் புழுவும் இருக்கும். அந்தப் புழு ஒன்று தொட்டிக்குள் போனாலும் கப்பி மீன் குஞ்சுகளுக்கு ஆபத்துதான்.

எங்கள் திருநெல்வேலிப் பக்கத்துப் பாளையங்கால்வாய், கோடகன் கால்வாய் ஓரச் செடிகளில் இன்னொரு சிக்கல் உண்டு. கார், பிசான நெற்பயிர் நிற்கும் மாதங்களில் வயல் வடிநீரோடு பூச்சிமருந்தும் கலந்து வரலாம். செடி உள்ளுக்குள் இழுத்துக்கொண்ட மருந்தை எந்த ஊறலும் எடுக்காது. மீன் தாங்கினாலும் செர்ரி இறால் தாங்காது. இறால் தொட்டிக்கு வாய்க்கால் செடியே வேண்டாம். பாபநாசத்துக்கு மேலே மலையில் பறிக்கலாமே என்றால், அது களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். கை வைக்கக் கூடாது.

முதலில் சட்டி, ஈயப் பட்டை, வேரைச் சுற்றிய பஞ்சு எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும். பஞ்சுக்குள் உர உருண்டைகள் இருக்கும், ஒன்றைக்கூட விடக் கூடாது. அழுகிய இலையை நறுக்கி, இலையின் அடிப்பக்கம் விரலால் தடவிப் பார்த்தால் நத்தை முட்டை கண்ணாடிக் கூழ் போல வழுக்கும், நகத்தால் சுரண்டலாம்.

அடுத்து பொட்டாசியம் பெர்மாங்கனேட், கிருமி கொல்லும் ஊதா உப்பு. சிட்டிகைக் கணக்கு ஆபத்து. 1 கிராமை 1 லிட்டர் தண்ணியில் கரைத்து வைத்துக்கொண்டு, அதில் 100 மில்லியை 10 லிட்டர் வாளியில் ஊற்றினால் லிட்டருக்கு 10 மில்லிகிராம் வரும். 10 நிமிடம் போதும். அதற்குள் ஊதா நிறம் பழுப்பாக மாறினால் செடியில் இருந்த அழுக்கே மருந்தைத் தின்றுவிட்டது என்று அர்த்தம், முன்கழுவல் சரியில்லை. சித்திரை வெயிலில் தண்ணி சூடாகி மருந்து வேகமாக வேலை செய்யும், காலையிலேயே முடித்துவிடுவது நல்லது. கையுறை போடாவிட்டால் விரல் பழுப்பேறும். மீந்த நிறத்தை மெடிக்கலில் கிடைக்கும் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு சில மில்லி விட்டால் எடுத்துவிடும்.

இது அட்டைக்கும் புழுவுக்கும் ஓரளவு உதவும், நத்தை முட்டைக்கு அதைவிடக் குறைவுதான். முட்டைக்குப் படிகாரம்: 10 லிட்டருக்கு 40 கிராம் பொடி, 24 மணி நேரம். தண்ணி புளிப்பேறி அதன் பிஎச் இறங்குவதால் மெல்லிய இலைகள் கருகலாம். பிறகு நன்றாக அலச வேண்டும். பிளீச், 19 பங்கு தண்ணிக்கு 1 பங்கு, 2 நிமிடத்துக்கு மேல் வேண்டாம். கரும்பாசி பிடித்த அனுபியாஸுக்கு மட்டும். மாஸ் எனப்படும் பாசிச்செடிக்கும் வாலிஸ்னேரியா செடிக்கும் கூடவே கூடாது. எடுத்ததும் குளோரினை முறிக்கும் ஆன்டி குளோரின் கலந்த தண்ணியில் முக்க வேண்டும்.

எல்லாம் செய்தும் ஒரு முட்டைக் கொத்து தப்பும். அதனால் மீனில்லாத தொட்டியில் மூன்று வாரம் வெளிச்சத்தில் வைக்கிறோம். தப்பியவை பொரிந்து கண்ணில் படும். மீன் உடலில் வெள்ளைப் புள்ளி போடும் கிருமி, ஒட்டிக்கொள்ள மீன் கிடைக்காமல் செத்துப்போகும். கொசு முட்டையிடாமல் மேலே வலை கட்ட வேண்டும். கிரிப்டோகோரைன் செடி இந்த நாட்களில் இலையை எல்லாம் உருக்கிக் கொட்டும். கிழங்கு கெட்டியாக இருந்தால் தூக்கிப்போட வேண்டாம், புது இலை வரும்.

கழித்த செடிகளை வாய்க்காலில் வீசாமல் மொட்டைமாடியில் காயவைத்துக் குப்பையில் போடுங்கள். ஆகாயத்தாமரைக்கே நம் குளங்களில் இடம் போதவில்லை.