மகளுக்கு ஞானஸ்நானம்: நான்கு மாதம், இரண்டு சீல், ஒரு சந்தா கார்டு

போன ஞாயிற்றுக்கிழமை மகளுக்கு ஞானஸ்நானம் நல்லபடியாக முடிந்தது. அக்டோபரில் சர்ச் ஆபீஸ் வாசலை மிதித்தேன். பிப்ரவரியில்தான் அவள் தலையில் தண்ணீர் விழுந்தது. இடையில் பட்டதை எழுதி வைக்கிறேன். என்னைப் போல சேலத்துக்காரர் யாராவது தெற்கே பெண்ணெடுத்திருந்தால் உதவும்.

"சந்தா கார்டு இருக்கா பிரதர்?" கிளார்க் கேட்ட முதல் கேள்வி இதுதான். சபைக்கு மாதாமாதம் கட்டும் சந்தாவைக் குறிக்கும் கார்டு. இருந்தது, பதினான்கு மாதப் பாக்கியோடு. ஓசூரில் வேலை பார்த்தபோது கட்டாமல் விட்டது. நோட்டை எடுத்து மாதம் மாதமாக எண்ணிக் காட்டினார். கட்டினேன். முதலில் பாக்கியைத் தீர்த்துவிட்டு அப்புறம் வாயைத் திறங்கள். ரசீது கைக்கு வரும்வரை அவர் என் மகளின் பெயரைக்கூடக் கேட்கவில்லை.

பிறகு ஒரு பழைய ஆராதனை அறிவிப்புத் தாளின் பின்பக்கத்தில் பட்டியல் எழுதிக் கொடுத்தார். குழந்தையின் பிறப்புச் சான்றிதழ், எங்கள் திருமணச் சான்றிதழ், எங்கள் இருவரின் திடப்படுத்தல் (வளர்ந்தபின் விசுவாசத்தைத் தானே அறிக்கையிட்டு உறுதிசெய்யும் சடங்கு) சான்று, மனைவியின் சபை மாற்றுக் கடிதம், ஞானப் பெற்றோர் (ஞானஸ்நானத்தில் குழந்தைக்காகப் பொறுப்பேற்பவர்கள்) மூவரும் திருவிருந்து (அப்பமும் ரசமும்) எடுக்கும் அங்கத்தினர்கள் என்று அவரவர் ஆயர் (சபைப் போதகர்) தரும் கடிதம். முதல் இரண்டும் பீரோவிலேயே இருந்தன. பிறப்புச் சான்றிதழில் பெயர் சேர்க்காமல் வைத்திருப்பவர்கள் அதை முதலில் முடித்துவிடுங்கள். பதிவு செய்து ஒரு வருடத்துக்குள் என்றால் கட்டணமில்லை. ஆலயத்தில் ஒரு எழுத்து, மாநகராட்சியில் வேறு எழுத்து என்று போனால் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது அழ வேண்டியிருக்கும்.

மனைவிக்கு மெஞ்ஞானபுரம் பக்கம். அந்தக் கால சி.எம்.எஸ். (இங்கிலாந்து மிஷனரிச் சங்கம்) ஊர்கள். மிஷனரி ஜான் தாமஸ் எழுப்பிய ஆலயத்தின் 192 அடி கோபுரத்தைப் பார்த்தே வளர்ந்தவள். அத்தை போனில், "நீங்க வர வேண்டாம் மாப்ள, ஐயர்ட்ட நானே சொல்லி வாங்கி அனுப்புதேன்" என்றார். அங்கே ஆயரைத்தான் ஐயர் என்பார்கள். அனுப்பியும் விட்டார். எங்கள் கிளார்க்குக்கோ சந்தேகம்: அங்கிருந்து வந்த பழைய சான்றில் ஒரு சீல், புதுக் கடிதத்தில் வேறு சீல். "ஒன்னுல திருநெல்வேலின்னு இருக்கு, இன்னொன்னுல தூத்துக்குடி–நாசரேத்துன்னு இருக்கு. எது நெசம்?" இரண்டும்தான். அந்தப் பகுதியைத் திருநெல்வேலித் திருமண்டலத்திலிருந்து (ஒரு பிஷப்பின் ஆளுகைக்கு உட்பட்ட பகுதி) 2003இல் பிரித்தார்கள். அவள் திடப்படுத்தல் அதற்கு முன்னால் நடந்தது. அரை மணி நேரம் சொல்லிப் பார்த்தேன். கடைசியில், "இந்தச் சேகரம் முன்பு திருநெல்வேலித் திருமண்டலத்தில் இருந்தது" என்று (சேகரம் என்றால் ஓர் ஆயரின் பொறுப்பில் உள்ள சபைகள்) ஒற்றை வரி எழுதி அத்தை மறுபடி வாங்கி அனுப்ப வேண்டியதாயிற்று. மூன்று வாரம் போச்சு. தூத்துக்குடி மாவட்டத்துப் பெண்ணைக் கட்டியவர்கள் அந்த வரியை முதல் கடிதத்திலேயே எழுதச் சொல்லுங்கள்.

என் காகிதத்தில் சிக்கியது என் முட்டாள்தனம். அப்பா ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட்டில் ரைட்டர், அதாவது கணக்கெழுதுபவர். பதினைந்து வயதில் மலைமேல்தான் எனக்குத் திடப்படுத்தல் ஆனது. சான்றிதழ் எப்போதோ தொலைந்துவிட்டது. பதிவேட்டைப் பார்த்து நகல் வாங்கலாம் என்று லீவு போட்டுப் போனேன், திங்கட்கிழமை. ஆயர்களுக்குத் திங்கட்கிழமைதான் ஓய்வு நாள் என்பது சர்ச்சுக்குப் போகிற சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பஸ்ஸில் இருபது கொண்டை ஊசி வளைவையும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஏறிய பிறகு, பூட்டிய கதவின் முன்னால் நின்றுதான் எனக்கு அது உறைத்தது. மழைச்சாரல் வேறு. ஒரு டீயைக் குடித்துவிட்டு அதே பஸ்ஸில் இறங்கினேன்.

இரண்டாம் முறை ஞாயிறு ஆராதனைக்கே போனேன். முடிந்ததும் பொருளாளர் பீரோவைத் திறந்தார். பதிவேடுகளை உரச்சாக்கில் சுற்றி வைத்திருந்தார்கள். மலை ஈரத்துக்கு அதுதான் தாங்குமாம். பக்கங்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றாகப் பிரித்து அந்த வருடத்தைக் கண்டுபிடித்தால், என் பெயர் இல்லை. இரண்டு முறை விரல் வைத்துப் படித்தேன். பக்கத்தில் நின்ற, ஆயருக்கு உதவியாக இருந்து ஓய்வுபெற்ற உபதேசியார் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "அப்பா பேரைத் தேடு தம்பி" என்றார். பன்னிரண்டாவது வரியில் அப்பா பெயர் இருந்தது. அதற்கு நேராக என் வீட்டுப் பெயர், எஸ்டேட்டில் எல்லோரும் கூப்பிட்ட பெயர், பச்சை மையில். எழுதியவர் அந்த உபதேசியார்தான். "உன்னை எல்லாரும் அப்படித்தானே கூப்பிட்டாங்க" என்றார், தப்பே செய்யாதவர் மாதிரி. இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்று ஆயர் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அந்தத் தாளைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டுதான் மலை இறங்கினேன்.

ஞானப் பெற்றோர் விஷயம் வேறு வகை. ஆங்கிலிக்கன் (இங்கிலாந்துத் திருச்சபை) மரபின் 1662 ஜெபப் புத்தகத்தின்படி பெண் குழந்தைக்கு இரண்டு ஞானத் தாய், ஒரு ஞானத் தகப்பன். பெரிய மாமா தனக்குத்தான் அந்த இடம் என்று இருந்தார்; தங்கச் சங்கிலிகூட வாங்கிவிட்டார். கிறிஸ்துமஸ் தவிர ஆலயத்துக்குள் அவரைப் பார்த்தவர் கிடையாது. குழந்தைக்காக விசுவாசத்தை அறிக்கையிட வேண்டிய இடத்தில் சங்கிலிக்காக ஒருவரை நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. சொன்னேன். இன்றுவரை பேச்சில்லை.

நான் கேட்க நினைத்தது ஒரு நண்பரை. நான் வேத வசனத்தை ஒழுங்காகப் படிக்கக் கற்றுக்கொண்டதே அவரிடம்தான். வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "ஜெபம் எவ்வளவு வேணும்னாலும் பண்றேன். ரிஜிஸ்டர்ல மட்டும் கையெழுத்து வேண்டாம்" என்றார். அவர் பையன் அரசு வேலைக்கு எழுதிக்கொண்டிருக்கிறான். பட்டியல் சாதி என்பது இந்துக்களுக்கு மட்டும்தான் என்றது 1950 குடியரசுத் தலைவர் ஆணை. பிறகு சீக்கியரை 1956இலும் பௌத்தரை 1990இலும் சேர்த்தார்கள்; கிறிஸ்தவன் என்று எழுதினால் பட்டியல் சாதிச் சலுகை போய்விடும், தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்கு வந்துவிடுவார். ஊரில் பிணம் புதைக்கும் இடத்தில்கூட மாறாத சாதி, காகிதத்தில் மட்டும் ஞானஸ்நானத்தோடு மாறிவிடுகிறது. பிரசங்க மேடையில் இதைப் பற்றி வருடத்துக்கு ஒரு ஞாயிறு பேசுகிறோம். அவரிடம் நான் என்ன சொல்ல முடியும்? டீ வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தேன். பிறகு ஓய்வுநாள் பள்ளி நடத்தும் நர்ஸ் அக்காவும் அவர் கணவரும், மனைவியின் தோழி ஒருத்தியும் நின்றார்கள்.

இதற்கு நடுவே சூரமங்கலத்து மச்சான் வேறு. பெந்தெகொஸ்தே சபைக்குப் போய்ப் பத்து வருடமாகிறது. "தெளிக்கிறதெல்லாம் ஞானஸ்நானமா மச்சான்? பிள்ளைக்கு என்ன விசுவாசம் தெரியும்?" நியாயமான கேள்விதான். தண்ணீர் பட்டவுடன் தானாக மறுபிறப்பு என்று நானும் நம்பவில்லை, ஆங்கிலிக்கன் சபையின் சுவிசேஷப் பிரிவினர் பலரும் நம்பியதில்லை. இங்கிலாந்தில் கோரம் என்ற குருவானவர் அப்படிச் சொன்னதற்காக எக்ஸிட்டர் பிஷப் அவருக்குச் சேகரம் தர மறுத்தார். அதற்கு முன் 52 மணி நேரம் உட்காரவைத்துக் கேள்வி கேட்டிருக்கிறார். வழக்கு மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் வரை போய் 1850இல் கோரம் ஜெயித்தார். மச்சானிடம் இதைச் சொன்னபோது அவன் சிரித்தான்: "அந்த பிஷப்பாவது விசுவாசத்தைப் பத்திக் கேட்டாரு. உங்க ஆபீஸ்ல என்ன கேட்டாங்க?" சந்தா என்று சொல்ல வாய் வரவில்லை.

ஒரு எச்சரிக்கை: ஞானப் பெற்றோர் கடிதம் பழசாகக் கூடாது என்று எங்கள் ஆபீஸில் ஒரு வழக்கம். எவ்வளவு நாள் செல்லும் என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். எங்களுக்கு மூன்று மாதம். மலைக்கு இரண்டாம் முறை போய் வருவதற்குள் தோழியின் கடிதம் காலாவதியாகி, இன்னொன்று வாங்கினோம்.

ஆராதனை அன்று நடந்ததுதான் நான் எதிர்பார்க்காதது. அச்சடித்த ஆராதனை ஒழுங்கைப் பல தடவை கிண்டல் செய்திருக்கிறேன். ஆயர் அதில் உள்ளபடியே, அவசரப்படாமல், பிசாசையும் அவன் செயல்களையும் விட்டுவிடுகிறீர்களா, நம்புகிறீர்களா என்று கேட்டார். நான்கு மாதத்தில் என்னிடம் யாரும் கேட்காத கேள்வி. முதல் பதில் எனக்குச் சத்தமாக வரவில்லை. மனைவி முழங்கையால் இடித்த பிறகு சொன்னேன். மகள் அழவில்லை, ஆயரின் கண்ணாடியைப் பிடுங்கப் பார்த்தாள்.

முடிந்ததும் ஆபீஸில் சான்றிதழ். வாங்கியவுடன் பைக்குள் போடாதீர்கள், அங்கேயே நின்று படியுங்கள். மனைவியின் இனிஷியல் தப்பாக இருந்தது. கிளார்க் பெருமூச்சு விட்டுப் புதுப் படிவம் எடுத்தார். எழுதி முடித்துச் சீலை ஊதிக் காயவைத்து நீட்டும்போது, "பாப்பாவுக்கும் தனியா ஒரு கார்டு போட்டுரலாமா பிரதர்?" என்றார்.